கூண்டு நகரக்கூடாது

கடலில் மிதக்கும் மீன்பண்ணைகளுக்கு உரிமம் கொடுத்து, அவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் அரசாங்க வேலை எனக்கு. கேள்விப்படுகிறவர்கள், நல்ல மீனாகக் கிடைக்குமே என்பார்கள். கிடைப்பதெல்லாம் அதிர்ச்சிதான். இதே மாதிரி சோதனை உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

லாவெண்டர் கொடுவா

சேகர் கப்பல் பட்டறை சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையெல்லாம் போட்டு, உபின் தீவுப் பக்கம் கொடுவா மீன் வளர்ப்பவர். ஆர்கானிக் சான்றிதழ் வாங்கினால் மொத்த மீனையும் எடுத்துக்கொள்வதாக ஓர் ஓட்டல் சொல்லியிருந்தது. வாங்காவிட்டால் பண்ணையை மூடிவிட்டுப் பழையபடி பட்டறைக்குப் போக வேண்டியதுதான் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். ரசாயனம் எதுவும் மீனுக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது என்பதுதான் அந்தச் சான்றிதழின் முதல் விதி.

சான்றிதழுக்காகச் சோதிக்க வந்த தணிக்கையாளரோடு நானும் போயிருந்தேன். படகு நெருங்கும்போதே ஷாப்பிங் மால் கழிப்பறை வாசனை அடித்தது. பலகை நடைபாதை முழுக்க லாவெண்டர் சோப்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்து வைத்திருந்தார் மனிதர். நுரை பலகை இடுக்கு வழியாக நேரே மீன்கூண்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தணிக்கையாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சான்றிதழுக்கு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னபோதும் சேகருக்குத் தான் செய்த தப்பு பிடிபடவில்லை.

“நீங்க வர்றீங்கன்னுதான் மேடம் கழுவுனேன், மத்த நாள்ல நான் சோப்பைத் தொடவே மாட்டேன்.”

தேக்காவில் ஓர் அட்டை

அந்த வாரக் கடைசியில் தேக்கா சந்தைக்குப் போனேன். லீவு நாளில்கூட விடுகிறதா இந்த வேலை? வழக்கமாக வாங்கும் கடையில், வஞ்சிரத்துக்கு மேலே ‘ஆர்கானிக் மீன்’ என்று ஓர் அட்டை தொங்கியது. சேகர் நாயாய் அலைவது எதற்காகவோ, அது இந்தக் கடைக்காரருக்கு ஒரு மார்க்கர் பேனாவில் கிடைத்துவிட்டது.

யார் கொடுத்த சான்றிதழ் என்று கேட்டேன். வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள், எழுதிவிட்டேன் என்றார், செதில் சுரண்டுவதை நிறுத்தாமலே. அட்டையை எடுக்கச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கடலுக்கு யாரு அக்கா உரம் போடுறாங்க, எல்லாமே ஆர்கானிக்தான் லா.”

கொஞ்சம் தள்ளி

சேகர் மனம் தளரவில்லை. மறுபடி விண்ணப்பித்தார். இரண்டாவது தணிக்கையில் சோப்பு வாசனை இல்லை, நல்லபடியாக முடிந்தது. முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்துப் பண்ணை ஜெனரேட்டரிலிருந்து எண்ணெய் கசிவதைப் பார்த்துப் பதறி, ஓரத்துக் கூண்டைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக் கட்டிவிட்டார். நல்லதுக்குத்தான் செய்தார். ஆனால் எந்தக் கூண்டு எங்கே நிற்க வேண்டும் என்பது உரிமத்திலேயே இருக்கிறது. எங்களைக் கேட்காமல் நகர்த்தினால் உரிமமே போகலாம்.

என்னோடு வேலை பார்க்கும் கவிதாதான் படகிலிருந்தே கண்டுபிடித்தாள். இன்னொரு முறை நடந்தால் உரிமம் ரத்து என்று எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினோம். சேகர் அதை இரண்டு தடவை படித்தார். மீன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே செய்தேன் என்றார். கவிதா சிரிக்காமல் சொன்னாள்.

“மீன் நகரலாம்ணே, கூண்டு நகரக்கூடாது.”

தேத்தண்ணி நிறத்தில் கடல்

அதற்குப் பிறகு ஒருநாள் காலை கடல் பால் கலக்காத தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. பாசி பெருகிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் மீன் மூச்சுவிடக் காற்று இருக்காது. வேலைக்குப் போகிற வழியில், செங்காங்கில் ரயிலில் நின்றபடியே பண்ணை பண்ணையாகப் போன் செய்தேன். அவசரம், அனுமதி கொடுத்தாயிற்று, கூண்டுகளை உடனே தெளிந்த தண்ணீருக்கு இழுத்துப் போங்கள் என்றேன். மற்றவர்கள் நான் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டு ஓடினார்கள். சேகர் மட்டும் ஓடவில்லை.

“எழுத்துல குடுங்க மேடம், அப்புறம் நகர்த்துறேன்.”

கெஞ்சினேன், கத்தினேன், ரயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் அசையவில்லை. அவசரத்துக்கு வாய்வார்த்தையாக அனுமதி கொடுக்க என் பதவி போதும், எழுத்தில் கொடுக்க மேலதிகாரி ஒப்புதல் வேண்டும். அவர் கூட்டத்தில் இருந்தார். ஒப்புதல் வாங்கி மின்னஞ்சல் போனபோது நண்பகல் தாண்டியிருந்தது.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். எல்லாக் கூண்டிலும் கொடுவாக்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பக்கத்துப் பண்ணையின் இடம் காலியாக இருந்தது, அவர்கள் மீன் பிழைத்துவிட்டது. சேகர் வலையால் செத்த மீனை அள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“இந்தத் தடவ நான் ஒரு ரூலும் மீறல மேடம்.”

அடுத்த வாரம் அவருக்கு ஆர்கானிக் சான்றிதழ் வந்துசேர்ந்தது. சோப்பு இல்லை, நகர்ந்த கூண்டு இல்லை, மீனும் இல்லை என்பதால், என் பொறுப்பில் இருப்பவற்றிலேயே குறை சொல்ல ஒன்றுமில்லாத பண்ணை இன்றைக்கு அதுதான்.