முதல் கேள்விக்காரி

விருந்தினர் உரை முடிந்து, பேச வந்தவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டதும், கணினித் துறையின் அரங்கில் ஓர் அமைதி இறங்கும். உரை நடக்கும்போது இல்லாத அமைதி. அதுவரை பக்கத்து இருக்கையோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு, காலடியில் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்து தேட ஆரம்பிப்பார்கள். 'கேள்வி கேட்பவர்களுக்குத்தான் இந்தத் துறையில் எதிர்காலம்' என்று அவர் சொன்னபோது பலமாகக் கைதட்டியவர்களும் இவர்கள்தான்.

இந்த அமைதியை உடைப்பதற்கென்றே துறையில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு 'முதல் கேள்வி' என்றே பெயர். நிறுவன உரை, நிரல் போட்டி, வேலைவாய்ப்பு முகாம், முன்னாள் மாணவர் சந்திப்பு என்று எது நடந்தாலும் முன்வரிசையில் ஓர் இருக்கை அவளுக்காகக் காத்திருக்கும். அவள் கேட்டுவிட்டால் போதும். ஒருத்தி கேட்டுவிட்டாளே என்ற ரோஷத்தில் பின்னால் நாலு பேர் கை தூக்குவார்கள். நிகழ்ச்சி நன்றாக நடந்தது என்று ஆகிவிடும்.

இந்தப் பதவி அவளுக்கு விபத்தாக வந்தது. முதலாண்டில் ஓர் உரை இழுத்துக்கொண்டே போக, பஸ் போய்விடுமே என்று, வெளியே செல்ல அனுமதி கேட்கக் கை தூக்கினாள். அது கேள்வி நேரம் என்பதை அவள் கவனிக்கவில்லை. யாரோ ஓடிவந்து மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள். அரங்கமே திரும்பிப் பார்க்கிறது. 'பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்று மைக்கில் சொல்ல முடியுமா? வாய்க்கு வந்ததைக் கேட்டாள்: "பயன்படுத்துறவங்க எண்ணிக்கை பல மடங்கு ஆனா, இது தாங்குமா?"

"அருமையான கேள்வி!" என்றார் பேச வந்தவர். பிறகு அவர் பதில் சொன்ன நேரத்தில் அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

மறுநாளே நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். நிறுவனங்களை அழைத்து வருவதில் சூரர். அழைத்து வந்தபின் அந்த அமைதியில் நெளிந்தே பாதி முடி நரைத்தவர்.

"அடுத்த வாரமும் ஒருத்தர் வர்றார்மா. நீ முன்னாடி உக்காந்துக்கோ."

"என்ன கேக்கணும் சார்?"

"எதையாவது கேளும்மா. நேத்துக் கேட்டதே நல்லாத்தானே இருந்துச்சு?"

நன்றாகத்தான் இருந்தது. மென்பொருளில் தாங்குமா என்று கேட்க முடியாத பொருளே கிடையாது. வங்கி ஆப்புக்கும் பொருந்தியது, விளையாட்டுச் செயலிக்கும் பொருந்தியது. ஒருமுறை மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று பேச வந்த அம்மையாரிடம் பழக்கதோஷத்தில் அதையே கேட்டுவிட்டாள். அவரும் "அருமையான கேள்வி" என்றுதான் சொன்னார்.

மூன்றாம் ஆண்டு வந்தபோது அவள் குரல் தெரியாத நிறுவனம் இல்லை. அவள் வேலை தெரிந்த நிறுவனம் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் சாயங்காலங்களில் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒழுங்காக நிரல் எழுதுகிறவள்தான். கோடை விடுமுறைக்குள் எங்காவது பயிற்சி வேலை கிடைத்தாக வேண்டும். இறுதியாண்டில் ஆள் எடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். போன இடங்களிலெல்லாம் ஒரே பதில்: 'உங்களுக்குப் பேச்சுத் திறமை இருக்கிறது, விற்பனைப் பிரிவில் முயற்சி செய்யலாமே!' நிரல் எழுதத் தெரியுமா என்று பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"நீ டாக்டர் ரூம் வாசல்ல நின்னு பேரைக் கூப்பிடுற ஆளு மாதிரிடி," என்றாள் அறைத்தோழி. "உன் குரல் எல்லாருக்கும் தெரியும். உனக்கு வைத்தியம் தெரியுமான்னு யாருக்குமே தெரியாது."

"வைத்தியம் தெரியும்டி."

"அது எனக்குத் தெரியும். என்கிட்ட வேலை இல்லையே."

அந்தப் பருவத்தின் கடைசி நிறுவனம் மருத்துவமனைகளுக்கு டோக்கன் ஆப் செய்து தருவது. காத்திருப்போர் கூடத்தில் தேவுடு காக்காமல், வீட்டிலிருந்தே போனில் டோக்கன் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் உரை, மறுநாள் நேர்காணல், இரண்டு பேருக்குப் பயிற்சி வேலை. உரையாற்றுபவரே ஆளையும் தேர்ந்தெடுப்பார். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களில் அவளும் இருந்தாள். இது போனால் கோடையும் போயிற்று.

வந்தவர் முதுகுப்பையை மேடையில்கூடக் கழற்றாத உயரமான மனிதர். நன்றாகவே பேசினார். நெட்வொர்க் விட்டுப்போனால் ஆப் தானாகவே மறுபடி அனுப்பும் என்றார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் உண்டு, அதே எண் மறுபடி வந்தால் கணினி கண்டுபிடித்துவிடும் என்றார். "அதனால ஒருத்தருக்கு ஒரு டோக்கன்தான். ரெண்டு விழவே விழாது."

முன்வரிசையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வாரம் அவள் அப்பாவுக்கு இரண்டு விழுந்திருந்தது.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். உலகத்திலேயே பொறுமை அதிகம் தேவைப்படும் வேலையை, பொறுமை என்பதே இல்லாமல் இருபது வருஷமாகச் செய்துவருகிறார். லிஃப்ட் பொத்தானை நாலு தடவை அமுக்குகிற ஜாதி. இதே ஆப்பில் கண் மருத்துவமனைக்கு டோக்கன் எடுக்கும்போது திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததால் ஆப்பை மூடித் திறந்து மறுபடி எடுத்தார். மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து திரும்பவும் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நான் இப்பதானேம்மா பாத்துட்டு வர்றேன்?"

"இது அடுத்த கண்ணுக்கா சார்?" என்றாளாம் அங்கிருந்த நர்ஸ்.

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. மூடித் திறந்தால் ஆப்புக்குப் பழைய எண் மறந்துபோகும். புது எண்ணோடு அனுப்பும். முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்து, அதற்கான பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், கணினியைப் பொறுத்தவரை வந்தவர்கள் இரண்டு பேர்.

"ஏதாவது கேள்வி இருக்கா?"

அரங்கம் குனிந்தது. பேராசிரியர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, இனி கவலையில்லை என்று அடுத்த நிகழ்ச்சிக்கான குறுஞ்செய்தியைத் தட்ட ஆரம்பித்தார். மைக் வந்தது. மறுநாள் தன்னை நேர்காணப் போகிறவரை எல்லோர் முன்னாலும் மடக்குவது புத்திசாலித்தனம் அல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு நாள் கேட்டதில் ஒன்றுக்குக்கூட அவளுக்குப் பதில் தேவைப்பட்டதில்லை, இதற்குத் தேவைப்பட்டது.

"சார், சக்கரம் சுத்திட்டே இருக்குன்னு ஒருத்தர் பொறுமை இல்லாம ஆப்பை மூடித் திறந்து மறுபடி எடுத்தா, அந்தத் தனி எண் அதேதானா, இல்ல புதுசா?"

அவர் "அருமையான கேள்வி" என்று சொல்லவில்லை. பதில் தெரிந்த கேள்விகளுக்குத்தான் அப்படிச் சொல்வார்கள் போலும். முதுகுப்பை வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"புதுசுதான்னு நினைக்கிறேன். பாத்துட்டுச் சொல்றேன்மா." பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "சார், பலமாத்தான் தயார் பண்ணி அனுப்பியிருக்கீங்க!"

பேராசிரியர் போனிலிருந்து தலை தூக்கி அடக்கமாகப் புன்னகைத்தார். "பசங்களைத் தயார் பண்றது நம்ம கடமைதானே சார்."

மூன்று வருஷத்தில் அவள் கேட்ட முதல் சொந்தக் கேள்வி, அரை நிமிஷத்தில் இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் நேர்காணல் ஐந்தாம் மாடியில் ஒரு சின்ன அறையில். உள்ளே போய் உட்கார்ந்ததுமே அவர், "நேத்து உங்க சார் கேள்வி பிரமாதம்," என்றார்.

"அது சார் கேள்வி இல்ல சார். என்னோடது."

"பரவால்லம்மா. நானும் படிக்கிறப்போ முதல் கேள்வி கேட்ட ஆளுதான். எங்க சார்தான் எழுதிக் குடுப்பார். நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பேன்." அவர் குரலில் கேலி இல்லை. ஒரே சங்கத்து உறுப்பினரிடம் பேசுகிற பாசம் இருந்தது. அதுதான் ஆபத்து.

"எங்க சார் எழுதியெல்லாம் குடுக்க மாட்டார். என்னையே கேக்கச் சொல்லிடுவார். நான்தான் ஒப்புக்கு எதையாவது கேட்டு வச்சிருந்தேன். நேத்துதான் சார் நிஜமாவே கேட்டேன்."

"அப்படீங்களா?" நம்பவில்லை என்பது அந்த 'ங்க'விலேயே தெரிந்தது.

"உங்க போன்ல ஆப் இருக்குல்ல? வாங்க சார், லிஃப்டுக்குப் போலாம்."

"எதுக்கு?"

"இந்தக் கட்டடத்துல நெட்வொர்க் கரெக்டா கட் ஆகுற இடம் அது ஒண்ணுதான்."

அவர் போனில் சோதனைக்கென்று ஒரு பொய் மருத்துவமனை இருந்தது. அதில் ஒரு பொய்ப் பல் மருத்துவர். லிஃப்ட் கதவு மூடுகிற நொடியில் ஆப்பின் டோக்கன் பொத்தானை அமுக்கவேண்டும்: கோரிக்கை வெளியே போய்விட வேண்டும், பதில் உள்ளே வரக்கூடாது. முதல் தடவை அவசரப்பட்டார்கள். டோக்கன் சமர்த்தாக வந்து சேர்ந்தது. அடுத்த தடவை தாமதம், எதுவுமே போகவில்லை. கீழே போனார்கள், மேலே வந்தார்கள். மூன்றாவது மாடியில் கதவு திறந்து பேராசிரியரே உள்ளே ஏறினார். நேர்காணல் அறையில் இருக்கவேண்டிய இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த மாடி சார்?" என்று கேட்டார்.

"எந்த மாடியா இருந்தாலும் சரி," என்றார் முதுகுப்பைக்காரர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க கேள்வியைத்தான் சோதிச்சுப் பாத்துட்டு இருக்கோம் சார்."

"என் கேள்வியா? எது?"

"நேத்து இவங்க கேட்டாங்களே."

"ஓ, அதுவா!" பேராசிரியர் முகம் மலர்ந்தது. "பயன்படுத்துறவங்க பெருகினா தாங்குமாங்கிறதுதானே? நல்ல கேள்வி சார் அது. எப்பவுமே கேக்குறதுதான்."

முதுகுப்பைக்காரர் இப்போதுதான் போனிலிருந்து கண்ணை எடுத்தார். முதலில் பேராசிரியரைப் பார்த்தார், பிறகு அவளை. அவள் லிஃப்டின் மாடி எண்கள் மாறுவதை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் இருவருக்கும் வாழ்த்துச் சொல்லி, தன் மாடியில் நிம்மதியாக இறங்கிப் போனார்.

கதவு மூடத் தொடங்கியது. அவள் அமுக்கச் சொன்னாள், அவர் அமுக்கினார். சக்கரம் சுற்றியது. ஆப்பை மூடி, மேலே வந்து, திறந்து, மறுபடி எடுத்தார். பொய்ப் பல் மருத்துவரிடம் ஒரே மனிதருக்கு அடுத்தடுத்து இரண்டு டோக்கன்.

"அடச்சே," என்றார் மரியாதையாக. லிஃப்டை விட்டு இறங்க இருவருக்குமே தோன்றவில்லை. "சரி. எப்படிச் சரி பண்ணுவீங்க?"

"எண்ணை அமுக்குறதோட கட்டாம, ஆளோட கட்டணும் சார். ஒரே போன், ஒரே டாக்டர், ஒரே நாள்னா ஒரே டோக்கன்."

"ஒரு அம்மா ரெண்டு குழந்தைங்களைக் கூட்டிட்டு வர்றாங்க. ஒரே போன்தான். ஒரு பிள்ளைக்கு மட்டும் பல்லு பாத்தாப் போதுமா?"

அவள் கீழ்மாடிப் பொத்தானை அமுக்கினாள். லிஃப்ட் ஒருமுறை கீழே போய் வந்தது. அவர் உதவிக்கு வரவில்லை. நேர்காணல் என்பது அந்த ஒரு லிஃப்ட் பயணம்தான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"அப்போ நாமளா முடிவு பண்ண வேண்டாம் சார்," என்றாள் கடைசியில். "ரெண்டாவது டோக்கன் கேக்குறப்போ, 'ஏற்கெனவே ஒண்ணு எடுத்திருக்கீங்க, இது வேற ஆளுக்கா?'ன்னு ஆப் கேக்கட்டும். முதல் டோக்கன் விழுந்துச்சா இல்லையான்னு தெரியாமதானே மறுபடி அமுக்குறாங்க? விழுந்துச்சுன்னு சொல்லிட்டா பாதிப் பேர் தானாவே போயிடுவாங்க."

"மிச்சப் பாதி?"

"அவங்களுக்கு நிஜமாவே ரெண்டு குழந்தை இருக்கும் சார்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்தபின் ஒன்றுவிடாமல் குடைந்தார்: அந்தச் செய்தியை எங்கே காட்டுவாள், இரவு பன்னிரண்டைத் தாண்டினால் நாள் எது, முதல் டோக்கனை ரத்து செய்திருந்தால் என்ன. இரண்டுக்குச் சொன்னாள், ஒன்றுக்குத் தெரியாது என்றாள். தெரியாது என்பதையும் பதில் மாதிரியே சொன்னாள். அறை வாசலில் காத்திருந்த அடுத்த மாணவன், இவர்கள் லிஃப்டிலிருந்து இறங்குவதைப் பார்த்து, இது எந்த வகை நேர்காணல், இதற்கு எந்தப் புத்தகம் படிக்கவேண்டும் என்று கலங்கிப்போனான்.

இடம் கிடைத்தது. விற்பனைப் பிரிவில் அல்ல.

போன முதல் வாரமே அந்தத் திருத்தத்தை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். லிஃப்டில் ஒரு பயணத்தில் சொன்னதை எழுதி முடிக்க, கோடையில் முக்கால்வாசி ஆயிற்று. அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவள் ஒருத்தி அங்கே அவள் நிரலைப் பார்த்து, வரிக்கு வரி குறை எழுதித் திருப்பி அனுப்பினாள். முதல் நாள் அவளுக்கு அழுகை வந்தது. அடுத்த வாரம் கோபம் வந்தது. அதற்கும் அடுத்த வாரம், அந்தக் குறைகளில் இரண்டு தப்பு என்று கண்டுபிடித்து எழுதினாள். மூத்தவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, எங்க தப்புன்னு காட்டு," என்றாள். காட்டினாள். ஒன்றை மூத்தவள் ஒப்புக்கொண்டாள். இன்னொன்றுக்கு இருவரும் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

திருத்தம் வெளியே போன அன்று காலை அவள் சீக்கிரமே வந்து, டோக்கன் கோரிக்கைகள் வந்து விழும் திரையின் முன் உட்கார்ந்தாள். எங்கோ முகம் தெரியாத யாரோ பொறுமை இழந்து ஆப்பை மூடித் திறந்தார். ஆப் கேட்டது. அந்த ஆள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். பிறகு 'இல்லை' என்று அமுக்கினார். இரண்டாவது டோக்கன் விழவில்லை. அவள் மூத்தவளைக் கூப்பிடத் திரும்பினாள். அவளோ ஏற்கெனவே பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"பாத்தேன்," என்றாள் மூத்தவள். "அடுத்தது எடு."