சம்பந்தியிடம் கேட்காத இரண்டு கேள்வி

கிளிஞ்சல்மேட்டில் டிரைவர் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் தங்கையன் வீட்டைத்தான் காட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக விசைப்படகு ஓட்டுகிறவர். கடலில் படகு ஓட்டுகிறவருக்கு எங்கள் பக்கம் டிரைவர் என்றுதான் பெயர். மகள் வினிதாவின் கல்யாணப் பத்திரிகையிலும் ‘டிரைவர் தங்கையன்’ என்றே அச்சடித்திருந்தது. கரையில் அவர் ஓட்டியது என்று பார்த்தால், ஐஸ் ஏற்றி வந்த வேனை வழிவிடுவதற்காக இரண்டு தடவை நகர்த்திப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

வினிதாவைக் கொடுத்த இடம் தலத்தெரு. சம்பந்தி சுந்தரமூர்த்திக்கு அரசாங்க உத்தியோகம். எங்கள் சனத்தில் கடலுக்குப் போகாமல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர் என்று ஊருக்கே அவர்மேல் மரியாதை. அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஆயுத பூஜை வந்தால் அதற்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். பூஜை ஒரு வருஷமும் தவறியதில்லை. இன்சூரன்ஸ் தவறித்தான் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய பக்தியைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் காருக்கு அம்மனே பாலிசி எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

வினிதாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். பெண் வீட்டார் சாத வகையும் சீரும் கொண்டு போக வேண்டும். முதல் நாள் சுந்தரமூர்த்தியே காரைக் கொண்டுவந்து தங்கையன் வாசலில் நிறுத்தினார்.

“ஆட்டோவுல வந்து எறங்குனீங்கன்னா எங்க தெருவுல ஒரு மாதிரி பாப்பாங்க சம்பந்தி. இதுலயே வந்துடுங்க. நீங்கதான் டிரைவராச்சே.”

தங்கையன் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சம்பந்தி தெரு முனையைத் தாண்டியதும் மனைவி செல்லம்மா ஆரம்பித்தாள்.

“ஏங்க, லைசென்ஸ் இல்லேன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“அவுங்க கேக்கலையே. நம்பிக் குடுக்கற மனுசன்கிட்ட நாமளாப் போயி அதைச் சொல்றதா?”

“காருக்குப் பேப்பரெல்லாம் சரியா இருக்கான்னாவது கேட்டீங்களா?”

“சம்பந்திகிட்டயா? போடி, கூறுகெட்டவளே.”

மறுநாள் காலை கார் நல்லபடியாகத்தான் கிளம்பியது. முன் சீட்டில் செல்லம்மா, மடியில் புளிசாதக் குண்டான். மதகடித் திருப்பத்தில், சைக்கிளில் டீ விற்கிற நஸ்ருதீன் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். கடலில் எதிரே ஏதாவது வந்தால் வேகத்தைக் குறைத்து ரிவர்ஸ் போட வேண்டும். படகுக்கு ஏது பிரேக்? இருபத்திரண்டு வருஷப் பழக்கம், தங்கையனின் கை ரிவர்ஸ் கியரைத் தேடியது. கால் இருந்த இடத்திலேயே இருந்தது. வாய் மட்டும், “ஒதுங்கு, ஒதுங்கு!” என்றது. கார் கரகரவென்று கத்திக்கொண்டே போய் சைக்கிளைத் தட்டி, மதகுச் சுவரில் மோதி நின்றது. நஸ்ருதீனுக்கு வலது கால் ஒடிந்துவிட்டது. புளிசாதம் கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டது.

“நங்கூரத்தையாவது போட்டிருக்கலாமுல்ல,” என்று அந்த நேரத்திலும் கேட்டாள் செல்லம்மா. கேட்டுக்கொண்டே அவள்தான் முதலில் இறங்கி ஓடினாள். புருஷனும் பெண்டாட்டியுமாக நஸ்ருதீனைத் தூக்கி, வந்த ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வளைகாப்பு நாலே வளையலோடு முடிந்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. லைசென்ஸைக் கேட்டார். தங்கையன் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு கார்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“யோவ், இது மீனவர் அட்டை.”

“போட்டோ என்னோடதுதாங்க, சார்.”

“காருக்கு இன்சூரன்ஸ்?”

“காருக்குத் தெரியாதுங்க. நான் ஓட்டற படகுக்கு இருக்குங்க.”

“அப்ப படகைக் கொண்டாந்து இடிச்சிருக்கணும்.”

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதும், கவனமில்லாமல் ஓட்டிக் காயப்படுத்தியதும் தங்கையன் மேல். லைசென்ஸ் இல்லாதவரிடம் காரைக் கொடுத்ததும், இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் விட்டதும் சுந்தரமூர்த்தி மேல். நஸ்ருதீன் நஷ்டஈடு கேட்டுப் போட்டது தனி வழக்கு. இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் ஓட்டினவரும் சொந்தக்காரரும்தான் கொடுக்க வேண்டும் என்று வக்கீல் சொன்ன அன்றுதான் இரண்டு வீட்டுக்கும் அந்தச் சமாச்சாரம் தெரிந்தது.

அதற்குள் வினிதாவுக்குத் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கப்படி ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும். ஐந்து முடிந்து ஆறு நடந்தது. சுந்தரமூர்த்தி மட்டும் தனியாக வந்தார். பேத்தியைக் கொஞ்சிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சாவி மேசையில கெடந்துச்சு, நானாத்தான் எடுத்தேன்னு கோர்ட்டுல சொல்லிடுங்க சம்பந்தி. எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் சர்வீஸ் இருக்கு.”

“அப்ப நான் காரைத் திருடுன மாதிரி ஆயிடாதுங்களா?”

“சம்பந்திக்குள்ள திருட்டு ஏதுங்க?” என்றவர், எழுந்து செருப்பை மாட்டும்போது சொன்னார்: “நீங்க சொல்றதைப் பொறுத்துத்தான் வினிதாவை அழைக்கறதுன்னு வீட்ல சொல்றாங்க.”

சம்பந்தி வந்துபோன சேதி கேள்விப்பட்டு, மறுநாள் ஊன்றுகோலோடு நஸ்ருதீன் வந்தார். “திருடுனேன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. கார்க்காரரு தனக்குச் சம்பந்தமில்லேன்னு ஒதுங்கிக்குவாரு. அல்லா புண்ணியத்துல உசுரு இருக்கு. ஆனா ஏழெட்டு மாசமா சைக்கிள் மிதிக்கலியே.”

செல்லம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். டீ விற்கிறவருக்கே டீ கொடுக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வழக்கு நாளன்று நாங்களும் பத்துப் பேர் போயிருந்தோம். மாரியம்மன் திருநீறு பூசிக்கொண்டு தங்கையன் கூண்டில் நின்றார். மாஜிஸ்திரேட் ஒரு அம்மா.

“காரை யார் குடுத்தது?”

தங்கையன் சம்பந்தியைப் பார்த்தார். பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நஸ்ருதீனைப் பார்த்தார். மடியில் பிள்ளையோடிருந்த வினிதாவை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

“அவுங்கதாங்கம்மா குடுத்தாங்க. லைசென்ஸ் இருக்கான்னு அவுங்க கேக்கல. இன்சூரன்ஸ் இருக்கான்னு நான் கேக்கல. சம்பந்திங்கம்மா. எப்படிக் கேக்கறது?”

“கல்யாணம் பேசறப்ப என்னெல்லாம் கேட்டுக்கிட்டீங்க?”

“ஜாதகம் கேட்டோங்க. மாப்பிள்ளை சம்பளம் கேட்டோம், வீட்டுப் பத்திரத்தைப் பாத்தோம். அவுங்க நகையைக் கேட்டாங்க, கட்டில் பீரோ கேட்டாங்க. மிக்ஸி என்ன கம்பெனின்னு கேட்டாங்க.”

“மிக்ஸிக்குக் கேட்டீங்க. காருக்குக் கேக்க வெக்கமாப் போச்சா?”

கோர்ட்டே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. சுந்தரமூர்த்தியைப் பார்த்து, “இவர் சொல்றது உண்மையா?” என்றார். அவர் தலை ஆமாம் என்று தானாக ஆடியது.

இரண்டு பேருக்கும் அபராதம். அதோடு கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று தண்டனை. இருந்ததோ ஒரே பெஞ்சு. ஒரு கோடியில் ஒருவர், மறுகோடியில் ஒருவர். நடுவில் இன்னொரு சம்பந்தி உட்காரலாம்.

மத்தியானம் செல்லம்மா பஸ் பிடித்து, ஒரு தூக்கில் புளிசாதம் கொண்டுவந்தாள். இந்தத் தடவை ஒரு பருக்கை சிந்தவில்லை. வாசலில் நஸ்ருதீனுக்கு ஒரு தட்டு வைத்தாள். உள்ளே பெஞ்சின் நடுவில் தூக்கை வைத்துவிட்டு, “தட்டு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை. பிறகு சுந்தரமூர்த்தி நகர்ந்து வந்தார்.

“திருடன்னு சொல்லச் சொன்னேன். தப்புத்தான் சம்பந்தி,” என்றார் பாதிச் சாதத்தில். “நஸ்ருதீனுக்கு ரெண்டு பேருமாக் குடுத்துடுவோம். அந்தக் காரை வித்துடறேன்.”

“சரிங்க.”

“வீட்ல நான் பேசிக்கறேன். வெள்ளிக்கெழமை நல்ல நாளு. புள்ளைய அழைக்க வர்றோம்.”

தங்கையன் தட்டைச் சம்பந்தி பக்கம் தள்ளி வைத்தார். தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, சம்பந்தியின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“எதுல வர்றீங்க?”

“ஆட்டோவுலதான்.”

“ஆட்டோக்காரருக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்டுக்குங்க. வண்டிக்கு இன்சூரன்ஸும் கேளுங்க. ஏறுற புள்ள நம்ம பேத்தி.”