முந்திரிக்கொத்தின் வெள்ளோட்டம்

ராஜபாளையத்திலிருந்து மதினியின் டப்பா வந்திருந்தது. மதினி என்றால் என் அண்ணன் மனைவி. போன வருஷம் அம்மா தவறிப்போனதால் தீபாவளிக்கு வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை, டப்பாவும் வரவில்லை. புனேயில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, சுற்றித் தைத்திருந்த வேட்டித் துணியைப் பிரித்து, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினேன். வறுத்த பாசிப்பயறு, ஏலக்காய், கருப்பட்டி வாசம் குப்பென்று வந்தது. முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே அத்தனையும் பயறு. மஞ்சள் மாவுக்குள் மூன்று மூன்று உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். புனேக்கு மதினி அனுப்பிய டப்பாவில் ஒரு கொத்துகூட உடைந்து நான் பார்த்ததில்லை. இந்த முறை எல்லாவற்றுக்கும் மேலே, வாழைச் சருகில் பொதிந்து, ஒரே ஓர் உருண்டை மட்டும் தனியாக இருந்தது. கொத்திலிருந்து பிய்ந்தது. மற்ற இரண்டையும் அடிவரை துழாவினேன், இல்லை.

மதினி சேத்தூர்ப் பெண். கல்யாண வேன் ராஜபாளையம் வந்து சேருவதற்குள் பட்டுச் சேலையிலேயே வாந்தி எடுத்து, எங்கள் வாசலில் வெளுத்த முகத்தோடு இறங்கினாள். ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா அதைக் கடைசிவரை மறக்கவில்லை. பட்டாளத்திலிருந்த அண்ணன், லீவு முடிந்ததும் பஞ்சாபுக்குப் போய்விட்டான். அந்தத் தீபாவளிக்கு அம்மா எங்கள் எருமைப் பாலைக் காய்ச்சிக் கிண்டிப் பால்கோவா அனுப்பினாள். பால்கோவாவுக்குப் பேர்போன ஆண்டாள் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவளுக்கு அந்தப் பெருமை இல்லாமல் இருக்குமா? டப்பாவைத் திறந்ததும் கெட்ட நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து ஓடிவிட்டதாக அண்ணன் போனில் சொல்லிச் சிரித்தான். அம்மா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பொங்கலுக்கு மதினி முந்திரிக்கொத்து செய்து அனுப்பினாள். அது கெடவில்லை, ஆனால் மாவாக உதிர்ந்து போயிருந்தது. பட்டாளத்துக்காரர்கள் கரண்டியால் அள்ளித் தின்றார்களாம். இந்த முறை அம்மாவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

மதினி அழுகிற ஆள் இல்லை. தேருக்கே வெள்ளோட்டம் பார்த்துத்தானே இழுக்கிறார்கள், பலகாரத்துக்குப் பார்த்தால் என்ன என்று கேட்டாள். அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். செய்ததில் கொஞ்சத்தை டப்பாவில் அடைத்து என்னிடம் கொடுப்பாள். நான் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். சாயந்திரம் பிரித்துப் பார்ப்பாள். உடைந்திருந்தால் பாகு இளசு, மேல்மாவு மெலிசு என்று தனக்குத்தானே குறை சொல்லிக்கொண்டு மறுபடி பயறை வறுப்பாள். உடைந்ததையெல்லாம் தின்று நான் ஒரு சுற்றுப் பெருத்ததுதான் மிச்சம்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த பஸ் பயணங்கள் எனக்குப் பிடித்திருந்தன. காலை பஸ்ஸில் மேற்குப் பக்கத்து ஜன்னல் கிடைத்தால் போதும். மலை கூடவே வரும். மேகம் பாதி மலையில் படுத்துக் கிடக்கும். தென்னந்தோப்பும் வயலும் மாறி மாறி வர, மடியில் டப்பா இளஞ்சூடாக இருக்க, கண் தானாகச் சொருகும். அரைத் தூக்கத்தில் அந்த பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்காமல் போகும். மதுரையைத் தாண்டி, பெயர் தெரியாத ஆறுகளையெல்லாம் தாண்டி, கோதுமை வயல்களுக்கு நடுவே அண்ணன் கைகாட்டி நிறுத்துவான். டப்பாவை நீட்டுவேன். அதற்குள் கண்டக்டர் விசிலடிப்பார். கண் திறந்தால் தோப்புக்கு மேலே கோபுரம் வெளிறித் தெரியும். எனக்கே இப்படிக் கனவு வந்தால், அனுப்புகிறவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

அடுத்த தீபாவளி நெருங்கியபோது அண்ணனுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அம்மா சரியென்றால் வரட்டும் என்றான். அம்மா சரியென்று சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாங்காதவள் ரெண்டு ராத்திரி ரயிலில் எப்படிப் போவாள், பாஷை தெரியாத குளிர் ஊரில் கிடந்து வாடிவிடுவாள் என்றாள். அதெல்லாம் சாக்கு. அப்பா இல்லாத வீடு, நானும் கட்டிக்கொண்டு போய்விடுவேன், மதினியும் போனால் இந்த வீட்டில் யாரோடு பேசுவது என்ற பயம். அம்மா பயத்தைக் கோபமாகத்தான் காட்டுவாள். மதினி தேங்காய்த் துருவலை வறுத்துக்கொண்டே இருந்தாள். கல்யாணம் ஆகி இத்தனை நாளில் புருஷனோடு இருந்தது ஒரு லீவு. இதை விட்டால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அன்று சாயந்திரம் டப்பாவை மூடப்போனவள், கையை எடுக்காமலே சொன்னாள். "பயறும் கருப்பட்டியும் அம்புட்டுத் தூரம் கெடாமப் போயிச் சேருது அத்த. நான் மட்டும் கெட்டா போயிருவேன்? அவியகிட்டதான போறேன்."

அம்மா மூடியைத் தானே வாங்கி அழுத்தி மூடினாள். "சரி, நாளைக்கு நீயே டப்பாவத் தூக்கிட்டு வில்லிபுத்தூர் போயிட்டு வா. ரெண்டும் எப்படித் திரும்பி வருதுன்னு பாப்போம்" என்றாள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். மதினி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறந்து மலையைப் பாருங்கள் என்றேன். பார்த்தாள். அப்புறம் பார்த்துக்கொண்டே இருந்தாள். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். ரயில் இதைவிட ஆடுமா, குறைவாக ஆடுமா என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். அந்த முகத்தை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். திரும்பும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. புழுக்கமும் டீசல் வாசனையும் சேர்ந்து குமட்ட, டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில் எல்லாம் முடிந்தது. மதினி ஜன்னலுக்கு வெளியே சாய, டப்பா மடியிலிருந்து உருண்டு சீட்டுக்கடியில் போய் விழுந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், வாயை நான் பூட்டிக்கொள்கிறேன் என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டாள். "பொய் சொல்லிட்டுப் போனா, வழியெல்லாம் அதுவே கொமட்டும்டி."

வீட்டுக்கு வந்ததும் அம்மா டப்பாவை வாங்கி, ஒவ்வொரு கொத்தாகத் தாம்பாளத்தில் எடுத்து அடுக்கினாள். எல்லாம் முழுசாக இருந்தன. அடியில் கிடந்த ஒன்று மட்டும் மூன்று உருண்டையாகப் பிரிந்திருந்தது. அம்மா கேட்பதற்கு முன்பே மதினி சொன்னாள். "நானும் ஒரு தடவ வாந்தி எடுத்துட்டேன் அத்த."

கொல்லைக் கதவு வழியாக மஞ்சள் வெயில் அடுக்களைக்குள் நீண்டு கிடந்தது. அம்மா பிரிந்த உருண்டைகளில் ஒன்றை வாயில் போட்டு மென்றாள். மெல்ல மெல்ல மென்றாள். உலகத்தில் வேறு சத்தமே இல்லாததுபோல இருந்தது எனக்கு. "ஒடஞ்சா என்ன, கெட்டா போச்சு? ருசி அப்படியே இருக்கே" என்றாள். இன்னொன்றை மதினி கையில் வைத்தாள், மூன்றாவதை என் கையில். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அடுத்த நிமிஷமே பழைய அதட்டலோடு, ரயிலுக்கு எலுமிச்சம்பழம் நிறைய எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

அந்தத் தீபாவளிக்கு டப்பா தனியாகப் போகவில்லை. அண்ணன் ரிட்டையராகும்வரை ஊர் ஊராக மாறினார்கள். எந்த ஊரிலிருந்தும் பண்டிகைக்கு ஒரு டப்பா அம்மாவுக்கு வந்துவிடும். பிறகு ராஜபாளையத்துக்கே திரும்பிவந்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது மதினிதான். இப்போது பஸ், ரயில் எதிலும் அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை. எனக்குத்தான் மலைப்பாதையில் தலை சுற்றுகிறது.

மதினிக்குப் போன் போட்டேன். டப்பா வந்துவிட்டது, ஒரு கொத்து பிய்ந்திருக்கிறது, மற்ற இரண்டையும் காணோமே என்று கேட்டேன்.

"ஒண்ணு அத்த படத்துக்கு முன்னால வச்சிருக்கேன். ஒண்ணு நான் தின்னுட்டேன். அது ஒம் பங்கு."

சருகைப் பிரித்து உருண்டையை வாயில் போட்டேன். புனே வரைக்கும் கெடாமல் வந்ததா என்று மதினி கேட்டாள்.

"ருசி அப்படியே இருக்கு மதினி" என்றேன்.