நடுவில் போட்ட கோடு

கிரானைட் அறுக்கும் ரம்பத்தில் தண்ணீர் விழும் சீறல். கிருஷ்ணகிரி சாலையில் போகும்போதெல்லாம் அது பேருந்து ஜன்னல் வழியே வந்து பல்லைக் கூசவைக்கிறது. உடனே அந்த நத்தை ஞாபகம் வந்துவிடும். எரிச்சலும்தான்.

என் தங்கை ஊத்தங்கரையில் விலங்கியல் ஆசிரியை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லில் அவள் கண்டெடுத்தது அது. கல்லாகிப்போன கடல் நத்தை, சுண்டுவிரல் அளவுக் கூம்பு. அந்தக் குடும்பத்தில் இன்று ஒன்றுகூட உயிரோடு இல்லை. குடும்பம் எதுவென்று அவளுக்குத் தெரியும். அதற்குள் எந்தப் பேரினம் என்பதுதான் தெரியாது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சாடை. நெடுக்குவாக்கில் திறந்து, ஓட்டுக்குள் நடுவே ஓடும் தண்டில் எத்தனை மடிப்பு, எப்படி மடிப்பு என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டில் அந்த ஒரு வரி மட்டும் காலியாகக் கிடந்தது. அறுத்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள்.

"நடுவுல அறுக்காதண்ணா. ஓரமா அறுத்து, கையால தேச்சுத் தேச்சு நடுவுக்கு வரணும்."

"டூல்ரூம்காரனுக்கே பாடமா? மயிரிழை பிசகாது, போ."

ஓசூர்த் தொழிற்சாலையில் வருடக்கணக்காக இரும்புக்கு மையம் எடுத்தே பிழைக்கிறவன் நான். தேய்ப்பதெல்லாம் வேலை தெரியாதவர்கள் செய்வது என்று நினைப்பு. இரண்டு முனையிலும் புள்ளி வைத்தேன், கோடு இழுத்தேன், தெரிந்த கல்பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"பசவனஹுளுவா சார்? இத்தனூண்டு நத்தைக்கா இம்மாம் பெரிய மெஷினு?" என்று கன்னடம் கலந்து அறுப்பவர் சிரித்தார்.

கோடு சரியாகத்தான் இருந்தது. ரம்பம் கோட்டின் மேலேயே போனது. ரம்பத்தின் பருமனும் தண்டின் பருமனும் ஒன்று. கடல் பின்வாங்கிப் போயும், மண் மூடியும், மலை அழுத்தியும் அழியாமல் நின்ற தண்டு, ஒரு நொடியில் வெள்ளைச் சேறாகி என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

வேலை எதுவானாலும் ரம்பம் தின்னும் பருமனுக்கு இடம் விடுகிறவன், இதற்கு விடவில்லை.

மதியம் முழுக்க என் வீட்டில் அவள் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவில்லை. வெளிச்சுவரில் ஒரே ஒரு மடிப்பு மிச்சம். அது அந்தக் குடும்பத்தில் பாதிப் பேரினங்களுக்கு உண்டாம்.

"அளவு சரியா இருக்கு பாரு," என்றேன், வெட்கமில்லாமல்.

"அளவெல்லாம் சரிதான். பாக்கவேண்டியதுதான் இல்ல."

திட்டியிருந்தால் தேவலை. இரண்டு பாதியையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டாள். பேருந்து நிலையத்தில், அவள் படியில் கால் வைத்தபோது கேட்டேன்:

"இன்னொண்ணு கெடைக்காதா?"

"கெடைக்கும். கெடைச்சா உனக்குச் சொல்ல மாட்டேண்ணா."