முதல் புதன்கிழமை சைரன்

நெய்வேலி மைன்ஸில் வெடி வைப்பதற்கு முன் சைரன் ஊதுவார்கள். கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஷெல்டருக்குள் போய்விட வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஒழுங்காக மனப்பாடம் ஆன பாடம் அது ஒன்றுதான்.

ரிட்டயர் ஆனதும் மூன்று மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பிரான்சில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். ஒரு மாதா கோயில், ஒரு ஊராட்சி ஆபீஸ், மீதியெல்லாம் மாடு மேயும் புல்வெளி. கடை கிடையாது, ரொட்டி வண்டிதான் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். துணி காயப்போட்டால் இங்கே கரி படியும், அங்கே உப்பு வாசனை ஏறும்.

புதன்கிழமை பேத்திக்குப் பள்ளி லீவு. "நான் பாத்துக்கறேம்மா" என்று கெஞ்சினேன்.

"கேஸை மூடினனான்னு நாலு தடவ எழுந்து போற ஆளு நீ. உன்ன நம்பி எப்பிடிப்பா வுடறது?" என்றாள் மகள். கடைசியில், ஒரு புதன் பார்க்கலாம் என்று வேலைக்குக் கிளம்பினாள்.

சரியாகப் பன்னிரண்டு மணி. ஊராட்சி ஆபீஸ் கூரையிலிருந்து சைரன். பேத்தியை வாரித் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடி, மாதா கோயில் கல் வளைவுக்கு அடியில் போய் ஒண்டினேன். ரொட்டி வண்டிக்காரம்மா வண்டியை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தார்.

"தாத்தா, இது சும்மா. மாசத்துல மொத புதன் ஊதிப் பாப்பாங்க. நீதான் என்னச் சொல்லவே வுடலியே" என்றது பேத்தி.

வழியெல்லாம் "அம்மாகிட்ட சொல்லாதம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சாயங்காலம் மகள் கதவைத் திறந்ததுமே, "அம்மா, தாத்தா என்னத் தூக்கிகினு ஓடுச்சி!"

போச்சு, இனி புதன்கிழமை இல்லை என்று நினைத்தேன். மகள் என் காலில் இருந்த கீறலைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இங்க வந்த புதுசுல ஒருநாள் போன் பண்ணி, சும்மாதான்பா பண்ணேன்னு சொன்னனே, ஞாபகம் இருக்கா? சும்மா இல்லப்பா. இந்த சைரன் கேட்டுது. நீ மைன்ஸ்ல இருக்கியேன்னு பயந்துகினு பண்ணேன்."

அடுத்த புதனும் பேத்தியை என்னிடம்தான் விட்டுப் போனாள். நான் ஊர் திரும்பும்வரை எல்லாப் புதனும்.

இப்போது நெய்வேலியில் மாதத்தின் முதல் புதன் மூன்றரை மணிக்கு, குளிர்காலமென்றால் நாலரைக்கு, அங்கே பன்னிரண்டு அடிக்கிற நேரத்துக்கு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பேத்தி ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டுவாள். சைரன் ஓயும்வரை கேட்பேன். அப்புறம் கேஸை மூடினேனா என்று பார்க்க எழுந்து போவேன்.