எங்கள் தெருவின் ஏகமனது

எங்கள் தெருவில் ஜனநாயகம் ரொம்ப நாளாகவே சௌக்கியமாக இருக்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில் தறி வீடுகள் நிறைந்த தெரு. கோடியில் பஜனை மடம். மாதம் ஒரு ஞாயிறு அதில் சங்கக் கூட்டம். வீட்டுக்கு ஒரு கை என்பது விதி. அது ஆண்பிள்ளைக் கையாக இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே கடைப்பிடிக்கும் அளவுக்குப் பண்பட்ட தெரு. பெண்கள் முறை வைத்துச் சுண்டல் செய்து அனுப்புவோம். தலைவர் "சம்மதம்தானே?" என்பார். எல்லாக் கையும் மேலே போகும். பிறகு சுண்டல் வரும்.

அப்படி ஒரு கூட்டம் முடிந்து, என் வீட்டுக்காரர் சுண்டல் பொட்டலத்தோடு வந்தார். முகமெல்லாம் திருப்தி.

"தீர்மானம் ஏகமனதா பாஸாயிடுச்சுமா."

"இன்னா தீர்மானம்?"

"இனிமே தெருவுல பாவு போடக் கூடாதாம். காருங்க போக இடைஞ்சலா இருக்குதாம்."

தறியில் ஏற்றுவதற்கு முன், பாவு நூலை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிய வேண்டும். அதை வீட்டுக்குள் செய்ய எங்களுடையது அரண்மனை இல்லை. ஒரு கல்யாணப் புடவைக்கான பாவு, மறுநாள் விரிப்பதற்காகக் கூடத்தில் சுருட்டி வைத்திருந்தது. அதைத் தாண்டித்தான் அவர் உள்ளே வந்தார்.

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"எல்லாரும் தூக்கினாங்க. நானும் தூக்கினேன்."

எனக்கு வந்த கோபத்தில் பொட்டலத்தைப் பிடுங்கி நானே தின்றேன். பாவு விரிக்காவிட்டால் தறி சும்மா கிடக்கும். முகூர்த்தம் எங்களுக்காகத் தள்ளிப் போகாது.

காலையில் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகன் வாங்கிய புதுக் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"பொதுக்கூட்டத்து முடிவுமா. ஜனநாயகம்னா கட்டுப்படணும்," என்றார்.

பெருமாள் புறப்பாடு வந்தால் அதே கார் எங்கே ஓரங்கட்டப்படும் என்று நான் கேட்கவில்லை. நேராகத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். அங்கிருந்த ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய்த் தன் புருஷனைக் கேட்டாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: எல்லாரும் தூக்கினாங்க. வீட்டுக்கு வீடு எழுந்த சண்டையில், அன்று மாலையே தலைவர் மறுபடி கூட்டம் போட வேண்டியதாயிற்று. பெண்கள் வாசலில் நின்று பார்க்கலாம் என்று பெரிய மனது பண்ணினார்.

"எதிர்க்கிறவங்க கை தூக்குங்கன்னு கேளுங்க," என்றேன் வாசலிலிருந்து.

தலைவர் விழித்தார். அந்த மடத்தில் அப்படி யாரும் கேட்டதே இல்லை. வேறு வழியில்லாமல் கேட்டார். ஒன்றிரண்டாக ஆரம்பித்து, கிட்டத்தட்ட எல்லாக் கையும் மேலே போயிற்று. என் வீட்டுக்காரர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி தூக்கினார்.

"இன்னாப்பா இது, நேத்து ஆதரிச்சுத் தூக்கினதும் நீங்கதானே?" என்றார் தலைவர்.

பின்னாலிருந்து ஒருவர் நிதானமாகச் சொன்னார். "நேத்து நீங்க இதக் கேக்கலியே."

தடை போயிற்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில், இனிமேல் பெண்களும் உள்ளே உட்கார்ந்து கை தூக்கலாம் என்று ஒரு தீர்மானம் போடச் சொன்னேன். தலைவர் கெட்டிக்காரர், பாடத்தை உடனே படித்துவிட்டார். இந்த முறை "சம்மதம்தானே?" என்று கேட்கவே இல்லை.

"எதிர்க்கிறவங்க?" என்றார்.

மடம் முழுக்கக் கைகள். நான் எங்கள் வீட்டுக் கையை மட்டும் தேடினேன். அதுவும் மேலேதான் இருந்தது.

மறுநாள் விடியலில் பாவு விரித்தோம். இழை முடிந்துகொண்டே அவர் என் பக்கம் வந்தார்.

"எனக்கு ஒண்ணும் எதிர்ப்பு இல்லமா. எல்லாரும் தூக்கினாங்க."

"இழையப் பாத்து முடிங்க," என்றேன்.

அடுத்த கூட்டத்துக்குச் சுண்டல் எங்கள் வீட்டு முறை. கடலையை நான் ஊற வைக்கவில்லை. இனி எந்த வீட்டிலும் ஊற வைப்பதில்லை என்று குழாயடியில் முடிவு செய்தோம். எதிர்க்கிறவர்கள் உண்டா என்று முறைப்படி கேட்டேன். ஒரு கை கூட மேலே வரவில்லை.