கங்காருவின் இடக்காது

புதூர்ப் பக்கத்து ஆட்டுக்கார வீட்டில் பிறந்த நந்தகோபாலுக்கு ஆடு மேய்க்க வராது. சிறுவயதில் கிடையோடு அனுப்பினால் ஆடு ஒரு பக்கம் போகும். இவர் ஒரு பக்கம் குத்தவைத்து, கரிசல் மண்ணில் குச்சியால் ஆடு வரைந்துகொண்டிருப்பார். மேய்கிற ஆட்டை விட்டுவிட்டு மேயாத ஆட்டுக்குக் காவல் இருக்கிறான் என்று அவர் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் ஆடுகளை அண்ணனிடம் விட்டுவிட்டு, நந்தகோபால் விளாத்திகுளத்துக்கு வந்து பெயிண்டர் ஆனார். உரக்கடை போர்டு, தேர்தல் சின்னம், லாரியின் முதுகு என்று இருபது வருடம் ஓடியது.

தொண்ணூற்றொன்பதில் பெண்கள் பள்ளியிலிருந்து ஜெயப்பிரியா டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். ரோட்டைப் பார்த்த மதில் முழுக்க உலகப் படம் வரைய வேண்டும். அது நாடுகள் போட்ட படம் இல்லை.

"எந்த உயிர் எங்கன வாழுதுன்னு பாத்து உலகத்தை ஆறு மண்டலமாப் பிரிச்சிருக்காங்க அண்ணாச்சி" என்று டீச்சர் புத்தகத்தை விரித்தார். "ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு நிறம், ஒரு மிருகம். நடுவுல கடல், பாலைவனம், இமயமலைதான் எல்லை."

"மேய்ச்சல் எல்லைன்னு சொல்லுங்க."

"அப்படியும் சொல்லலாம்."

"இந்தப் பக்கத்து உருப்படி அந்தப் பக்கம் போகாது?"

"அநேகமாப் போகாது."

"அப்ப சண்டையே வராதே டீச்சர்!" என்றார் நந்தகோபால், பெருமூச்சோடு.

அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் எப்போதும்வென்றான் ஊர்த் தங்கச்சாமியின் இரண்டு ஆட்டுக்குட்டிகள் வழி தவறி நந்தகோபாலின் அண்ணன் கிடைக்குள் போய்விட்டன. ஆட்டுக்காரர்கள் யார் ஆடு என்று தெரிய ஆட்டின் காதை வெட்டி அடையாளம் வைப்பார்கள். தங்கச்சாமி வீட்டுக்கு வலக்காதின் அடியில் ஒரு கீறல். நந்தகோபால் வீட்டுக்கு இடக்காதின் நுனியில் கவட்டை போல ஒரு வெட்டு. வெட்டாத காதோடு உள்ளே போன குட்டிகள் கவட்டையோடு நின்றன. அண்ணன் அவை தன் கிடையில் பிறந்தவை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். பஞ்சாயத்து முடிந்தது. ஆனாலும் 'காதறுத்தான் வீடு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது தங்கச்சாமியின் மகன் மாதவன், நந்தகோபாலின் மகள் இசக்கிச்செல்வியைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அவளுக்கும் அதே எண்ணம்தான். பெயிண்டருக்கும் ஆட்டுக்கும் சம்பந்தமில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லித் தங்கச்சாமி ஒருவழியாக இறங்கிவந்திருந்தார். ஆவணியில் நிச்சயம் என்று பேச்சு.

மதிலில் ஒட்டகம், காட்டெருமை, லாமா, வரிக்குதிரை, யானை, கங்காரு என்று ஆறும் ஒரு வாரத்தில் ஏறி நின்றன. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கல்வி அதிகாரி மதிலைப் பார்வையிட வருகிற வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், பருத்தி விதை வாங்க வந்த தங்கச்சாமி எதிர்த்த பஸ் நிறுத்தத்தில் நின்றார். மதிலையே பார்த்தார். பஸ் வந்தது, ஏறவில்லை. ரோட்டைக் கடந்து வந்து கங்காருவின் தலைக்குக் கிட்டே மூக்கை வைத்தார். பிறகு யானை, வரிக்குதிரை. நடந்தே உலகத்தைச் சுற்றி முடித்துவிட்டு, ஏணியின் கீழே வந்து நின்றார்.

"ஏலே நந்தகோபாலு, எறங்கு."

"வாங்க அத்தான், எப்ப வந்தீங்க?"

"வந்தது கெடக்கட்டும். இது யாருது?"

"கங்காரு அத்தான். ஆஸ்திரேலியாவுது."

"காதப் பாத்தா அப்படித் தெரியலயே. ஒங்கண்ணன் கிடையில இருந்து வந்தது மாதிரில்லா இருக்கு."

நந்தகோபால் பார்த்தார். கங்காருவின் இடக்காது நுனியில் அழகான கவட்டை வெட்டு. ஒட்டகத்துக்கும் இருந்தது. யானைக்குக் காது பெரியது, வெட்டும் பெரியது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் பார்த்த காது அதுதான். காது என்றால் கை தானாக அப்படிப் போய்விட்டது.

"ரெண்டு குட்டியோட போச்சுன்னு நெனைச்சேன்" என்று தங்கச்சாமி ரோட்டுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "ஒட்டகத்தக்கூட விடலயேலே! அமெரிக்கா எருமைக்கு யாருல போயி காதறுத்தா, ஒங்கண்ணனா?"

டீக்கடை சிரித்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த டீச்சர் மதிலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ அண்ணாச்சி, எல்லாத்துக்கும் காது கிழிஞ்சிருக்கே! இப்பவே அடைச்சிருங்க."

நந்தகோபால் அவசரமாகத் தூரிகையைச் சாயத்தில் முக்கினார். தங்கச்சாமி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னல செய்யுத? போட்ட அடையாளத்த அழிக்கயா? எங்கண்ணு முன்னாலயா?"

ஆட்டுக்காரர்களிடம் அதற்கு மேல் ஒரு குற்றம் இல்லை. வைத்த அடையாளத்தை மாற்றுகிறவன்தான் திருடன். அவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்.

"நீ அழிச்சேன்னு வையி, என் வீட்டுப் படி ஏறாத" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அன்று இசக்கிச்செல்வி சாப்பிடவில்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி பத்திரகாளிதான் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

"மத்தவிய வீட்டுல நகையில வந்து நிக்கும் சம்மந்தம். எம் மகளுக்குக் கங்காரு காதுல வந்து நிக்குது."

மறுநாள் காலை கொல்லையில் அவள் கத்துகிற சத்தம் கேட்டது. எந்த வீட்டு ஆடோ அகத்திச் செடிக்குள் கழுத்துவரை நுழைந்து தின்றுகொண்டிருந்தது. "காதே தெரியல, எவ வீட்டு ஆடுன்னு ஏச?" என்று கேட்டாள் பத்திரகாளி. நந்தகோபால் பாதிக் காப்பியை வைத்துவிட்டு மதிலுக்கு ஓடினார்.

டீச்சர் வருவதற்குள் கங்காருவின் காதை ஒரு சீமைக்கருவேலங்கொப்பு மறைத்திருந்தது.

"ஆஸ்திரேலியாவுல சீமைக்கருவேலமா அண்ணாச்சி?"

"அது எங்கதான் இல்ல டீச்சர்?"

"அது லாமா மண்டலத்துச் செடி. இங்க மனுசங்க கொண்டாந்தது."

"லாமா பக்கத்துதா? அப்ப எல்லை தாண்டி வந்து நம்ம காட்ட எல்லாம் மேய்ஞ்சிருக்கு பாருங்க, அடையாளம் வெட்ட அதுக்கு ஒரு காது இல்லாமப் போச்சே!"

டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தந்த மண்டலத்துச் செடியாக இருந்தால் காதை மறைக்கலாம் என்றார். கருவேலம் லாமாவுக்குப் போனது. கங்காருவுக்குத் தைலமரம், யானைக்கு மூங்கில், வரிக்குதிரைக்குக் குடைவேலம், எருமைக்கு உயரப் புல், ஒட்டகத்துக்குப் பாலைவனப் புதர். இருட்டும்வரை நந்தகோபால் இலை போட்டார். எந்த அடையாளத்தையும் அழிக்கவில்லை. எல்லாம் இலைக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி, மிருகத்தோடு செடியையும் காட்டியது பிரமாதம் என்றார். டீச்சர் அவரை வழியனுப்பத் தெருமுனை வரை போனார். அதற்காகவே காத்திருந்த மாதிரி டீக்கடையிலிருந்து தங்கச்சாமி வந்தார். ஆள் அனுப்பி வரச் சொன்னது பத்திரகாளி. கங்காருவின் காதருகே தைலமர இலையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பச்சைக்குக் கீழே கவட்டை தெரிந்தது. யானையிலும் சுரண்டிப் பார்த்தார்.

"அழிக்கல" என்றார் மெதுவாக.

"அழிப்பனா அத்தான்?"

தங்கச்சாமி மறுபடி உலகம் முழுவதையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தா மாப்ள, சம்மந்தம்னு ஆயாச்சுன்னா மொத்தத்துக்கும் ஒங்க வெட்டாவே இருக்கப்படாது. நாலு பேரு என்ன சொல்லுவான்? எங்களுக்கும் ஒண்ணு விடு."

"எது வேணும், சொல்லுங்க."

தங்கச்சாமி ஒவ்வொன்றாக யோசித்தார். யானை தீனிக்குக் கட்டுபடியாகாது. ஒட்டகத்தின் பக்கமும் வரிக்குதிரையின் பக்கமும் தரை ஒட்டிக்கொண்டிருக்கிறது, என்றைக்கும் தகராறுதான். கடைசியில் விரலை ஆஸ்திரேலியாவின் மேல் வைத்தார்.

"இத எம் மகனுக்கு விட்டுரு. நாலு பக்கமும் கடலு. எவன் உருப்படியும் உள்ள வராது."

டீச்சர் திரும்பி வருவது தூரத்தில் தெரிந்தது. நந்தகோபால் மெல்லிய தூரிகையை எடுத்து, கங்காருவின் வலக்காதின் அடியில் சட்டென்று ஒரு கீறல் போட்டார். தங்கச்சாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிச்சயத்துக்கு ஆவணியில் எந்த நாள் தோது என்று கேட்டார்.